பழைய டிடிஎச் தட்டில் ஒரு பறவை மைக்

மாம்பழச்சிட்டு ஆண் இணையைக் கவர முனையும்போது கிளையிலிருந்து மேலே எழும்பும். இடுப்பு இறகுகளைச் சிலிர்த்துப் பஞ்சுருண்டை போல உப்பிக்கொண்டு, நீண்ட விசிலோடு சுழன்று கீழே இறங்கும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். 25 மீட்டர் தள்ளி நின்று கைபேசியில் பதிவு செய்தால் பஸ் ஹாரனும் காகமும் துல்லியமாக விழுந்திருக்கும். விசில் எங்கோ ஈனசுரத்தில் கேட்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. 1 மீட்டரில் இருந்ததைவிட 25 மீட்டரில் 28 டெசிபல் போய்விடும். இழந்ததை மீட்க இரண்டு வழிதான்: பறவைக்கு அருகே போவது, அல்லது தூரத்திலிருந்தே ஒலியைத் திரட்டுவது. இணை சேரும் காலத்தில் முதல் வழி கூடாது.

ஒலியைத் திரட்டப் பரவளையத் தட்டு வேண்டும்; வந்து படும் ஒலியைக் குவிமையம் என்ற ஒரே புள்ளியில் சேர்க்கும் குழிவான தட்டு அது. இதற்கென்றே விற்கும் தட்டுகள் இறக்குமதிச் சரக்கு, விலையும் அப்படி. சென்னையிலோ மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கைவிடப்பட்ட டிடிஎச் தட்டு துருவேறிக் கிடக்கிறது. காயலான் கடையில் எடைக்கே தருவார்கள். அதை வைத்து மைக் கட்டுவதும், கட்டியதில் என்னென்ன கோளாறு வரும் என்பதும்தான் இங்கே.

முதலில் ஒலி, பிறகு கருவி

எந்தப் பறவையின் எந்த ஒலி வேண்டும் என்று தீர்மானிக்காமல் சாமான் வாங்கப் போகக்கூடாது. தட்டு எல்லா ஒலியையும் ஒரேபோல் பெருக்காது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். 60 செ.மீ. தட்டின் அகலத்துக்குச் சமமான அலைநீளம் சுமார் 580 ஹெர்ட்ஸில் வருகிறது. அதற்குக் கீழே தட்டு இருப்பதும் இல்லாததும் ஏறக்குறைய ஒன்றே. அதற்கு மேலே போகப்போக லாபம் ஏறும்; அதிர்வெண் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் கூடும். 3 கிலோஹெர்ட்ஸில் கணக்குப்படி 24 டெசிபல் கிடைக்க வேண்டும். கையால் கட்டியதில் நாலைந்து டெசிபல் குறையும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

ஆகவே மாம்பழச்சிட்டு, குண்டுக் கரிச்சான், தையல்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு ஆகியவற்றுக்கு இந்தத் தட்டு அருமையாக வேலை செய்யும். புள்ளிப்புறா ஆண் செங்குத்தாக மேலேறும்போது சிறகைப் படபடவென்று அடித்து, பிறகு வாலை விரித்துச் சறுக்கி இறங்குமே, அந்தச் சிறகடி ஒலி பல அதிர்வெண்களில் பரந்தது. அதுவும் நன்றாகவே விழும். கன்னான் குருவியின் ‘டுக் டுக் டுக்’ 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் லாபம் கொஞ்சம்தான். செம்போத்தின் ‘ஊப் ஊப்’ இன்னும் கீழே. அதற்குத் தட்டைத் தூக்கிச் சுமப்பது வீண்.

மயில் தனி வகை. தோகையை விரித்து நடுக்கும்போது இறகுகள் நொடிக்குச் சராசரியாக 25 முறையை ஒட்டி அதிர்கின்றன என்று ரோஸ்லின் டேக்கினும் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. காதில் விழுவது சரசரப்பு மட்டுமே. அந்தச் சரசரப்பு நொடிக்கு 25 தடவை ஏறி இறங்குகிறது. இதைப் பிடிக்கத் தட்டு உதவாது. மயில் வழக்கமாக வந்து ஆடும் இடத்தில் முன்கூட்டியே ரெக்கார்டரை வைத்துவிட்டு விலகி நிற்பதுதான் வழி.

வெப்பமண்டலக் காடுகளில் குரல் அல்லாத காதல் ஒலிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஈக்வடார், கொலம்பியா மலைக்காடுகளில் வாழும் கதாயுதச்சிறகு மானகின் என்ற சிறு பறவை தன் சிறகுகளை முதுகுக்கு மேல் நிமிர்த்தி ஒன்றோடொன்று உரசுகிறது. ஓர் இறகின் தண்டில் உள்ள வரிமேடுகளை அடுத்த இறகின் தண்டு நொடிக்கு நூறு தடவைக்குமேல் வருடுவதால் 1.5 கிலோஹெர்ட்ஸ் அளவில் வயலின் போன்ற நாதம் எழுகிறது. கிம்பர்லி பாஸ்ட்விக், ரிச்சர்ட் பிரம் இருவரும் 2005-இல் இதை விளக்கினார்கள். மறுகோடியில் அமேசான் பகுதியின் வெள்ளை மணிப்பறவை: அதன் குரல் 1 மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டால் 125 டெசிபல் என்று 2019-இல் ஜெஃப்ரி போடோஸும் மாரியோ கோன்-ஹாஃப்டும் அறிவித்தனர். அதை உரக்கப் பாடும்போது பெண் பறவை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அந்தப் பறவைக்கு அருகே சாதாரண மைக்கை வைத்தால் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகும், தட்டே தேவையில்லை. நம் ஆனைமலைப் பக்கத்துப் பெரிய இருவாச்சியின் சிறகொலிக்கும் தட்டு வேண்டாம், நல்ல காது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கேட்கும் ஒலியெல்லாம் காதல் ஒலி அல்ல. ஆறுமணிக் குருவி சென்னைக்குக் குளிர்கால விருந்தாளி. இங்கே கூடு கட்டுவதில்லை. அதிகாலையும் அந்தியும் அது எழுப்பும் இரட்டை விசில் இடத்தை உரிமை கொண்டாடும் குரல். அதைக் காதல் பாட்டு என்று கோப்பில் எழுதிவைத்தால் பின்னால் பயன்படுத்துபவருக்குத் தொல்லை. பறவை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, பெண் பறவை அருகே இருந்ததா என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்.

தட்டைத் தேர்ந்தெடுப்பது

டிடிஎச் தட்டு நடுவில் குவியும் தட்டு அல்ல. முழுப் பரவளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்தது. அதனால்தான் எல்என்பி, அதாவது செயற்கைக்கோள் அலையை வாங்கும் பகுதி, நடுவே நிற்காமல் கீழே ஒரு கைமேல் நிற்கிறது. முகம் காட்டும் திசையும் தட்டு கேட்கும் திசையும் வேறு. எவ்வளவு வேறு என்பதை அளவுநாடா வைத்தே கண்டுபிடிக்கலாம். தட்டின் அகலத்தை உயரத்தால் வகுத்து, எந்தக் கோணத்தின் கோசைன் அது என்று பார்க்க வேண்டும். அகலம் 60, உயரம் 66 என்றால் 0.909, கோணம் சுமார் 25 பாகை. தட்டை நேராக நிமிர்த்தி, கை கீழே இருக்கும்படி பிடித்தால், அது கிடைமட்டத்திலிருந்து 25 பாகை மேலே பார்க்கிறது. மரக்கிளையில் இருக்கும் பறவைக்கு இது வசதியே. தரையில் மேயும் கருஞ்சிட்டைக் குறிவைக்கத் தட்டை முன்னால் குனியவைக்க வேண்டும். அல்லது கை மேலே வரும்படி தலைகீழாக மாட்டிக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ளலாம்.

சென்னை மாடிகளில் தட்டுகள் மல்லாந்து படுத்தாற்போல் இருப்பதும் இந்தக் கணக்கால்தான். 83 பாகை கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோள் இங்கிருந்து பார்த்தால் சுமார் 74 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் இருக்கிறது. மல்லாந்து கிடப்பதால் மழைநீர் தேங்கி அடிப்பக்கம் துருப்பிடித்திருக்கும். வாங்கும்போது அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். மேற்பூச்சுத் துரு பரவாயில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயின்ட் அடித்துவிடலாம். ஓட்டை விழுந்திருந்தால் வேண்டாம். விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று பார்க்க, தட்டைக் கவிழ்த்துச் சமதளத் தரையில் வைத்து ஆட்டிப் பார்க்கலாம். ஓரிடத்தில் 5 மி.மீ. தூக்கினால் பெரிய கேடில்லை, 2 செ.மீ. தூக்கினால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் குவியம் கலைந்துவிடும். எல்என்பி கை இல்லாத தட்டு என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. குவிமையம் எங்கே என்பதை அந்தக் கைதான் சொல்கிறது.

விரலால் தட்டிப் பார்த்தால் ‘டங்’ என்று நாதம் நீளும். காற்றும் கைபட்ட அதிர்வும் இதே நாதத்தைப் பதிவில் ஏற்றும். புதுப்பேட்டையில் கார்க் கதவுக்கு உள்ளே ஒட்டும் தார்த்தாள் கிடைக்கும். தட்டின் பின்புறத்தில் பாதிப் பரப்பை மூடும்படி ஒட்டி, வெயிலில் சூடான பிறகு உருளையால் அழுத்தினால் ‘டங்’ ‘டப்’ ஆகிவிடும். முன்பக்கம் எதையும் ஒட்டக்கூடாது. பஞ்சு, துணி எதுவானாலும் உயர் அதிர்வெண்ணை விழுங்கும். பளபளக்கும் தகடு ஒட்டி வெயிலைக் குவித்துக் குவிமையம் தேடுவது ஆபத்து. அந்த இடத்தில் கையோ கண்ணோ பட்டால் சுட்டுவிடும்.

கேப்சூலும் மின்சுற்றும்

ரிச்சி தெருவில் கிடைக்கும் 9.7 மி.மீ. எலக்ட்ரெட் கேப்சூலே, அதாவது ஒலியைப் பிடிக்கும் சிறு மைக் வில்லையே, இதற்குப் போதும். பறவை ஒலிப்பதிவாளர்கள் விரும்பும் பிரிமோ இஎம்272 என்ற கேப்சூலின் சொந்த இரைச்சல் 14 டெசிபல். சாதாரண கேப்சூலில் 34 அளவு. 20 டெசிபல் வித்தியாசம் பெரியதுதான். ஆனால் அந்த இரைச்சல் ‘ஸ்ஸ்’ என்று உயர் அதிர்வெண்ணில் கேட்பது, அங்கேதான் தட்டு 20 டெசிபலுக்குமேல் தருகிறது. போதாக்குறைக்கு, நகரத்தின் விடிகாலைச் சத்தமே கேப்சூல் இரைச்சலை மூடிவிடும். விலை கூடிய கேப்சூலைத் தட்டில்லாமல் அமைதியான காட்டில் வைக்கும் ரெக்கார்டருக்காக ஒதுக்கிவையுங்கள்.

கேப்சூலின் பின்னால் இரண்டு முனைகள். எது உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கிறதோ அது கிரவுண்டு. மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சாலிடர் வைப்பதில்தான் பாதிக் கேப்சூல்கள் கெடுகின்றன. உள்ளிருக்கும் எலக்ட்ரெட் படலத்தின் நிலைமின்னூட்டம் சூட்டில் கசிந்துவிடும். கேப்சூல் செத்துவிடாது, மந்தமாகிவிடும். அதனால் காரணம் பிடிபடவே நாளாகும். தடித்த அலுமினியத் துண்டில் 10 மி.மீ. துளை போட்டு கேப்சூலை அதில் செருகிக்கொண்டால் சூடு துண்டில் இறங்கும். சாலிடர் கருவியின் நுனி 350 பாகை செல்சியஸைத் தாண்டாமல், ஒரு தொடுகைக்கு 2 விநாடிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். கம்பிக்கு முன்பே ஈயம் பூசியிருந்தால் ஒரு விநாடியே போதும்.

ரெக்கார்டரின் 3.5 மி.மீ. துளையே 2.5 வோல்ட் அளவில் மின்சாரம் தருமானால் நேரே செருகிவிடலாம். தராவிட்டால் சின்னப் பெட்டி ஒன்று: 9 வோல்ட் பேட்டரி, 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் கேப்சூலின் பிளஸ்ஸுக்கு. அதே புள்ளியிலிருந்து கப்பாசிட்டர் வழியாக ரெக்கார்டருக்கு. கப்பாசிட்டரின் பிளஸ் பக்கம் கேப்சூலைப் பார்க்க வேண்டும். பெட்டியைப் பயன்படுத்தும்போது ரெக்கார்டரின் மின்சாரத் தெரிவை அணைத்துவிட வேண்டும். கேப்சூலின் பிளஸ் முனையில் அளந்தால் 5 முதல் 7.5 வோல்ட்டுக்குள் காட்டும். முழு 9 காட்டினால் எங்கோ சாலிடர் விட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட்.

கைபேசிக் கோபுரம் பக்கத்தில் இருந்தாலோ, சட்டைப்பையில் கைபேசி இருந்தாலோ ‘டிடிட் டிடிட்’ என்று பதிவில் புகும். கேப்சூலின் இரு முனைகளுக்கு இடையே, மிக அருகில், 1 நானோஃபாரட் பீங்கான் கப்பாசிட்டர் வைத்தால் அடங்கும். அதன்மேல் 102 என்று எழுதியிருக்கும். கடையில் அவசரத்தில் 103 கொடுத்துவிடுவார்கள். அது 10 நானோஃபாரட். அதைப் போட்டால் ரெக்கார்டரின் உள்ளீட்டைப் பொறுத்து 2.3 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கேயாவது ஒலி மங்கத் தொடங்கும். தேன்சிட்டின் குரலில் உயிரே இல்லை என்றால் முதலில் இந்த எழுத்தைப் பார்ப்பது நல்லது. கேபிள் வலைக்கவசம் உள்ளதாக இருக்கட்டும். கவசம் கிரவுண்டில் சேர வேண்டும்.

மைக்கைக் குவிமையத்தில் நிறுத்துவது

இங்கேதான் வேலையின் உயிர் இருக்கிறது. எல்என்பியின் கழுத்து 40 மி.மீ. விட்டம். விவசாயக் குழாய்க் கடையில் 40 மி.மீ. பிவிசி குழாய் என்று கேட்டால் அதன் வெளிவிட்டமே 40 மி.மீ.; எல்என்பியைப் பிடித்திருந்த வளையத்தில் அப்படியே உட்காரும். வீட்டு வெந்நீர்க் குழாயான சிபிவிசி அங்குலக் கணக்கில் வருவது, பொருந்தாது. 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, உள்ளே மெத்தைக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்சை இறுக்கமாக அடைத்து, அதன் நடுவே கேப்சூலைச் செருகினால் அதிர்வுத் தடுப்பும் ஆயிற்று.

கேப்சூல் குழாய்க்கு உள்ளே அமுங்கியிருக்கவே கூடாது. 5 செ.மீ. உள்ளே போனால் குழாயின் வெற்றுப் பகுதி 1.7 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்ந்து, எல்லாப் பறவையும் குழாய்க்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும். கேப்சூல் முகம் குழாய் வாயிலிருந்து 1 செ.மீ. வெளியே நீட்டி, தட்டின் நடுப்பகுதியைப் பார்த்திருக்க வேண்டும். கேபிளை எல்என்பி கையோடு இரண்டு இடத்தில் கட்டி, நடுவே சிறு தொய்வு விட்டால் கேபிள் உரசும் சத்தம் மைக்குக்கு வராது.

தொடக்க நிலை: எல்என்பியின் மூடி இருந்த இடத்துக்குச் சற்று உள்ளே, அதன் கழுத்து விரியத் தொடங்கும் இடம். அங்கிருந்து நுணுக்கமாகச் சரிசெய்ய மொட்டைமாடியும் இரண்டு பேரும் வேண்டும். ஒருவர் கைபேசியில் 4 கிலோஹெர்ட்ஸ் தொடரொலியை ஒலிக்கவிட்டு 20 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். மற்றவர் தட்டை மெல்லத் திருப்பி ரெக்கார்டரின் அளவுகாட்டி உச்சத்தில் நிற்கும் திசையைப் பிடிக்க வேண்டும். பிறகு குழாயை 5 மி.மீ. 5 மி.மீ. ஆக முன்னும் பின்னும் தள்ளி உச்சத்தைத் தேட வேண்டும்.

20 மீட்டர் என்பதில் சமரசம் வேண்டாம். அறைக்குள் 5 மீட்டரில் சோதித்தால் ஒலிமூலம் பக்கத்தில் இருப்பதால் குவிமையமே வெளியே தள்ளிப் போகும். குவியத் தூரம் 36 செ.மீ. உள்ள தட்டில் 20 மீட்டருக்கு இந்த விலகல் 7 மி.மீ.-க்கும் குறைவு, 5 மீட்டருக்கு ஏறக்குறைய 3 செ.மீ. வீட்டுக்குள் பிரமாதமாகக் கேட்ட மைக் வெளியே போனதும் சொதப்புவதற்கு இதுவே காரணம். உச்சம் கிடைத்ததும் வளையத்தை முறுக்கி, குழாயில் கோடு கிழித்துவிடுங்கள்.

திசையைப் பிடித்த அதே நிலையில், அரை அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைத் தட்டின் விளிம்பில் வைத்து, அதன் வழியே பார்த்தால் கைபேசி தெரியும்படி ஒட்டிவிட வேண்டும். இதுதான் குறிபார்க்கும் குழாய். இது இல்லாமல் வேலை ஆகாது. 3 கிலோஹெர்ட்ஸில் இந்தத் தட்டு கேட்கும் கற்றை 13 பாகை அகலம். 6 கிலோஹெர்ட்ஸில் 7 பாகைதான். குறி கொஞ்சம் விலகினால் அடிக்குரல் இருக்கும், மேற்சுரம் மட்டும் காணாமல் போகும். ஒரே பாட்டில் ஒலியின் நிறம் மாறி மாறி வந்தால் பறவைமேல் பழி போடாமல் குறியைச் சரிபாருங்கள்.

பதிவு செய்யும்போது

வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எம்பி3 வேண்டாம், மனிதக் காது கண்டுகொள்ளாது என்று அது வீசியெறிவதில் சிறகொலியின் கூர்மையும் போகும். தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டைக் கட்டாயம் அணைக்க வேண்டும். குயில் ஆண் ‘கூஊ’ என்று ஒவ்வொரு முறையும் சுருதியும் உரப்பும் ஏற்றிக்கொண்டே போய் உச்சத்தில் சட்டென்று நிறுத்துமே, அந்த ஏற்றத்தைத் தானியங்கி சமதளமாக்கிவிடும். இடைவெளியில் போக்குவரத்து இரைச்சலைத் தூக்கிக் காட்டும். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால், பறவை திடீரென்று பக்கத்துக் கிளைக்கு வந்தாலும் வெட்டுப்படாது.

நேரம்தான் சென்னையில் பெரிய போராட்டம். ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5:42 அளவில் உதிக்கும். 5 மணிக்கே குண்டுக் கரிச்சான் தொடங்கிவிடும். போக்குவரத்து இரைச்சலின் பெரும்பகுதி 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் அதைப் பிற்பாடு வடிகட்டிவிடலாம். ஹாரன் பறவைக் குரலின் எல்லைக்குள்ளேயே புகுவதால் அதற்கு மருந்தில்லை. ஞாயிறு விடிகாலை மற்ற நாளைவிடத் தேவலை. நன்மங்கலம், கிண்டிப் பக்கங்களில் விமானச் சத்தம் ஓய்வதில்லை. ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைப்பதுதான் பதிவு. மார்கழியில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும், அந்த மாதத்தை விட்டுவிடலாம். பறவைகளுக்கும் அது உச்சப் பருவம் இல்லை. குயில், கரிச்சானுக்கு மார்ச் முதல் ஜூலை வரை. தூக்கணாங்குருவி மழையை ஒட்டித் தொடங்கும்.

காற்று தட்டைப் பாய்மரமாக்கும். கடற்காற்று ஏறிய பிற்பகலில் பதிவு செய்வதைவிட வீட்டில் இருக்கலாம். கேப்சூலுக்கு உரோமத் துணி உறை போடுவது உதவும், ஆனால் தட்டே ஆடுவதை உறை தடுக்காது. தட்டின் பின்னாலுள்ள கம்பப் பிடியை ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டில் இறுக்கி, அதை முக்காலியில் பூட்டி, முக்காலியின் நடுவே பையைத் தொங்கவிட்டால் ஓரளவு நிற்கும்.

காணொளியும் சேர்த்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 35 மீட்டர் தள்ளியிருக்கும் பறவையின் ஒலி நம்மை வந்தடைய 0.1 விநாடி ஆகிறது. நொடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் இது இரண்டரை பிரேம். கைதட்டி கேமராவையும் ரெக்கார்டரையும் ஒத்திசைத்தாலும் இந்தத் தாமதம் போகாது, ஏனென்றால் தட்டிய கை பக்கத்தில் இருந்தது. மாம்பழச்சிட்டு இறங்கத் தொடங்கியபின் விசில் அடிக்கிறதா, முன்பே தொடங்குகிறதா என்று ஆராய வேண்டுமானால் தூரத்தை அளந்து, ஒலியை அந்த அளவு முன்னே தள்ள வேண்டும்.

ஒவ்வொரு பதிவின் முடிவிலும் நிறுத்தும் முன் தேதி, நேரம், இடம், பறவை, தூரம், அது செய்தது ஆகியவற்றைக் குரலாலேயே சொல்லிவிடுங்கள். நோட்டில் எழுதியது கோப்போடு சேராது. மழைக்கு நனைந்தும் போகும்.

தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால் காவலர் யாரும் கேட்காமல் விடமாட்டார். கிண்டி தேசியப் பூங்காவுக்குள்ளும் நன்மங்கலம் போன்ற காப்புக்காட்டுக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் கருவியோடு நுழையக்கூடாது. மரம் அடர்ந்த கல்வி வளாகங்களிலும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. பதிவு செய்த குரலைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை இணை சேரும் காலத்தில் செய்யவே வேண்டாம். ஆண் அதைப் போட்டியாளன் என்று எண்ணி, பெண்ணையும் கூட்டையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். தட்டு கட்டியதே கிட்டப் போகாமலும் வரவழைக்காமலும் இருப்பதற்குத்தான்.

தட்டு உதவாத இடத்தில்

செம்போத்து, மயில், தூக்கணாங்குருவிக் கூட்டம் ஆகியவற்றுக்குத் தானாக இயங்கும் சிறு ரெக்கார்டர் நல்லது. ஆடியோமாத் என்ற ரெக்கார்டர் மூன்று ஏஏ பேட்டரியில் ஓடும், நேரம் குறித்துவைக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸில் மணிக்கு 346 எம்பி. தினமும் 5 மணி முதல் 7:30 வரை பதிந்தால் நாளுக்கு 864 எம்பி. 32 ஜிபி அட்டை ஐந்து வாரத்துக்குத் தாங்கும். பேட்டரி அதற்கு முன் தீர்கிறதா என்பதை வீட்டிலேயே ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூக்கணாங்குருவியில் கேட்க வேண்டியது பாதிக்கூட்டுக் கட்டம். ஆண்கள் கூட்டைத் தலைக்கவச வடிவம் வரை பின்னி நிறுத்திவிட்டு, பெண்கள் வந்து பார்க்கும்போது அதில் தொங்கிச் சிறகடித்துக் கத்தும். பெண் ஏற்றுக்கொண்டால்தான் மீதிக் கூடு. ரெக்கார்டரை ஆண்கள் நார் கிழிக்கத் தொடங்கும் முன்பே மாட்டிவிட வேண்டும். பாதியில் போய் மாட்டினால் கூட்டமே கலையலாம்.

பெட்டிக்குள் எறும்பு குடியேறுவது நிச்சயம். மைக் துளையை மெல்லிய நைலான் வலையால் மூட வேண்டும். தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடினால் எறும்பு வராது, உயர் அதிர்வெண்ணும் வராது. துளை கீழ்நோக்கி இருந்தால் மழை நேரே படாது. பெட்டிமேல் ‘பறவை ஒலிப்பதிவுக் கருவி’ என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மரத்தில் கட்டிய மர்மப் பொருளைப் பார்த்தால் யாரும் காவல் நிலையத்துக்குத்தான் போன் போடுவார்கள். நடைப்பயிற்சிக்கு வருவோரின் பேச்சும் பதிவாகும்; அந்தப் பகுதிகளை அழித்துவிட்டுத்தான் கோப்பை யாருக்கும் தர வேண்டும்.

பதிவைப் படிப்பது

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலித்தது என்று காட்டும் படம், திறந்தால் விசில் கிடைக்கோடாகவும் சிறகடி செங்குத்துக் கோடாகவும் தெரியும். ஒரே அமைப்பில் இரண்டையும் கூர்மையாகப் பார்க்க முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் சாளரம் (ஒரு தடவைக்கு எடுத்துக் கணக்கிடும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 2048 என்றால் அதிர்வெண் 23 ஹெர்ட்ஸ் வரை பிரிந்து தெரியும், ஆனால் காலம் 43 மில்லிவிநாடிக்கு மழுங்கும். 256 வைத்தால் காலம் 5 மில்லிவிநாடிக்குக் கூர்மையாகும், அதிர்வெண் 188 ஹெர்ட்ஸுக்குத் தடிக்கும். கரிச்சானின் சுரங்களுக்கு 2048 அல்லது 1024. புள்ளிப்புறாவின் சிறகடிக்கு 256. மயில் தோகை நடுக்கத்தின் அடிகள் 40 மில்லிவிநாடி இடைவெளியில் விழுவதால், 2048-இல் ஒரே மூட்டமாகத் தெரிந்தது 256-இல் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்துவிடும்.

தட்டுப் பதிவில் உயர் அதிர்வெண் மிகையாக இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. கேட்பதற்கு இயல்பாக வேண்டுமானால் மேலே போகப்போக இரட்டிப்புக்கு 6 டெசிபல் குறையும்படி ஒரு சாய்வு போடலாம். ஆனால் மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள். பறவை ஒலிகளைப் பகிரும் ஸெனோ-கேன்டோ இணையதளத்தில் ஏற்றும்போது டிடிஎச் தட்டு பயன்படுத்தியதைக் குறிப்பில் எழுத வேண்டும். எந்தச் சுரம் எவ்வளவு உரப்பு என்று ஒப்பிட நினைப்பவருக்கு அது அவசியம்.

அக்டோபர் பிறந்ததும் பதிவில் ‘பட் பட்’ என்று வெடிப்பு கேட்கத் தொடங்கினால் சாலிடரை நோண்ட வேண்டாம். கேப்சூலுக்குள் ஈரம் ஏறியிருக்கிறது. குழாயோடு கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வடகிழக்குப் பருவம் முடியும் வரை அந்த டப்பாவே அதற்கு இடம்.